நினைத்தவுடன் கை எப்படி அசைகிறது? – வாசகர் கேள்வி பதில்

பக்கவாதத்தின் முதல் அறிகுறிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்புக்குப் பிறகு, உடலின் அசைவை நரம்புகள் எப்படி ஆள்கின்றன என்பது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டதால் என் மாமனாருக்கு வலக்கையும் வலக்காலும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னார். நாம் நினைப்பது எந்த வழியாகக் கைக்குப் போகிறது? இடம் வலம் மாறுவது எந்த இடத்தில்?
– பள்ளி ஆசிரியை, நாமக்கல்

அசைவுக்கான ஆணை புறப்படும் பகுதி, ஒரு காதின் மேலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதுவரை, மூளையின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஒரு பட்டைபோல ஓடுகிறது. இதற்கு இயக்கப் புறணி என்று பெயர். 1870-இல் ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் நாயின் மூளையில் இந்தப் பகுதிக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது, எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. பிற்காலத்தில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது, அவர்கள் விழித்திருக்கும் நிலையிலேயே இந்தப் பட்டையைச் சிறிது சிறிதாகத் தூண்டிப் பார்த்தார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் இது இயன்றது. ஓரிடத்தில் தூண்டினால் கட்டைவிரல் மடங்கியது, சற்றுத் தள்ளித் தூண்டினால் உதடு இழுத்தது. மார்பு, வயிறு, தொடை போன்ற பெரிய உறுப்புகளுக்குச் சிறிதளவு இடமே இருக்க, விரல்களுக்கும் முகத்துக்கும் மிகப் பெரிய பரப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. மல்லிகைச் சரம் தொடுக்கும் விரல்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தால், அந்தப் பரப்பு எதற்குச் செலவாகிறது என்பது விளங்கும்.

பென்ஃபீல்ட் பதிவு செய்தவற்றுள் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது வேறொன்று. தூண்டுதலால் கை அசைந்தபோதெல்லாம் நோயாளிகள், அதைத் தாங்கள் செய்யவில்லை, மருத்துவர்தான் செய்தார் என்று சொன்னார்கள். அதாவது இயக்கப் புறணி ஆணையை அனுப்புகிறதே தவிர, செய்ய வேண்டும் என்ற எண்ணமும், எப்படிச் செய்வது என்ற திட்டமும் மூளையின் வேறு பல பகுதிகளில் அதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன.

புறணியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் ஒரு கட்டாகத் திரண்டு கீழிறங்குகின்றன. மூளையின் ஆழத்தில் இவை மிக நெருங்கிச் செல்லும் குறுகலான இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு சிறு இரத்தக்குழாய் அடைபட்டாலும் முகம், கை, கால் மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்படுவதற்கு அந்த நெருக்கமே காரணம். பிறகு, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முகுளத்தின் அடிப்பகுதியில், இவ்விழைகளில் பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் சேர்கின்றன. நீங்கள் கேட்ட மாற்றம் நடக்கும் இடம் அதுதான். தாண்டிய இழைகள் தண்டுவடத்தின் வழியாக இறங்கி, அங்குள்ள இயக்க நரம்பணுக்களுக்குச் செய்தியைச் சேர்க்கின்றன. அந்த நரம்பணுக்களிலிருந்து கிளம்பும் நீண்ட இழைகளே தசைக்குள் நுழைகின்றன. புறணியில் புறப்பட்ட செய்தி உள்ளங்கைத் தசையை அடைய ஏறத்தாழ 20 மில்லி விநாடிகள் போதும்.

ஓர் இயக்க நரம்பணுவும் அது ஆளும் தசையிழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு ஆகும். கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குப் பத்து இழைகள் அளவில் இருந்தால், கெண்டைக்கால் தசையில் ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். தசை சுருங்கும்போது சிறிய அலகுகள் முதலிலும் பெரியவை பின்னரும் வேலையில் சேர்கின்றன. முட்டையை உடையாமல் எடுக்கும் அதே கையால் தண்ணீர்க் குடத்தையும் தூக்க முடிவதற்கு இந்த ஒழுங்கு முக்கியமான காரணம்.

மருத்துவமனையில் உங்கள் மாமனாரிடம் புருவத்தை உயர்த்தச் சொல்லியிருப்பார்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் செய்தி போவதால், பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். ஆயினும், நெற்றி சுருங்குகிறதா என்று வீட்டில் சோதித்துக்கொண்டு யாரும் காலம் தாழ்த்தக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

திருமணப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய் நிற்கவே முடிவதில்லை. இரத்த ஓட்டம் நின்றுவிடுவதுதான் காரணமா?
– கல்லூரி மாணவர், மதுரை

காலுக்குப் போகும் இரத்தம் நின்றுவிடுவதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் சிறிய எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு செல்கிறது. சம்மணமிடும்போது இந்த நரம்பும், தொடையின் பின்புறம் செல்லும் பெரிய நரம்பும் நீண்ட நேரம் அழுத்தப்படலாம். அழுத்தத்தால் நரம்பின் கடத்தும் திறனும் அந்த நரம்புக்கே உரிய நுண்ணிய இரத்த ஓட்டமும் குறைகின்றன. அதனால் மேலிருந்து வரும் ஆணை தசைக்குச் சேர்வதில்லை, பாதத்திலிருந்து கிளம்பும் உணர்வும் மேலே போவதில்லை. எழுந்தவுடன் பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் இழுபடுவது இதனால்தான். அழுத்தம் நீங்கியதும் நரம்பிழைகள் சிறிது நேரம் தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. அதுவே ஊசி குத்துவது போன்ற உணர்வு. அந்த ஓரிரு நிமிடங்கள் நடக்க முயலாமல் நின்றால் விழாமல் இருக்கலாம். உட்காராமலேயே பாதம் அடிக்கடி மரத்துப்போனால், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டதும் கை தானாக விலகிவிடுகிறது, எரிச்சல் பிறகுதான் தெரிகிறது. ஆனால் சுடச்சுடக் காபி நிரம்பிய டம்ளரைத் தெரியாமல் எடுத்துவிட்டால், கீழே போடாமல் மேடைவரை கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். கையும் ஒன்று, சூடும் ஒன்று, ஏன் இரண்டு விதம்?
– இல்லத்தரசி, கும்பகோணம்

மிகக் கூர்ந்து கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். பாடநூல்களில் அனிச்சைச் செயல் பற்றிப் படிக்கும்போது விட்டுப்போகும் பாதியை உங்கள் டம்ளர் எடுத்துக்காட்டுகிறது.

முதல் பாதி இது. விரல் நுனியில் சூட்டை உணரும் நரம்பிழைகள் இரண்டு வகைப்படும். ஒரு வகை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கொண்டு செல்லும். மற்ற வகை மிக மெல்லியது, அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். வேகமான செய்தி தண்டுவடத்தை அடைந்ததும், அங்குள்ள இடைநரம்பணுக்கள் கையை மடக்கும் தசைகளுக்கு ஆணை கொடுப்பதோடு, அதே கணத்தில் கையை நீட்டும் தசைகளை அடக்கியும் வைக்கின்றன. ஒரு தசை சுருங்க வேண்டுமானால் எதிர்த்தசை தளர வேண்டும் என்னும் இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. காலில் முள் குத்தினால் குத்திய கால் மடங்கும்போது மறு கால் விறைத்து உடலைத் தாங்கிக்கொள்வதும் தண்டுவடத்தின் ஏற்பாடே. இவை எல்லாம் நடந்து கை விலகிய பிறகுதான், மெல்லிய இழைகளில் வரும் எரிச்சல் மூளைக்குத் தெரிகிறது. விரலிலிருந்து தண்டுவடம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவு என்பதால், அந்த எரிச்சல் வந்து சேர ஒரு விநாடி அளவுக்குக்கூட ஆகலாம்.

விட்டுப்போகும் பாதி என்னவென்றால், தண்டுவடத்தின் இந்த இடைநரம்பணுக்கள் தனித்து விடப்பட்டவை அல்ல என்பதே. மூளையிலிருந்து இறங்கும் இழைகளில் பல நேராக இயக்க நரம்பணுக்களுக்குப் போகாமல், இந்த இடைநரம்பணுக்களின் மேல்தான் முடிகின்றன. காபி கொட்டினால் காலில் படும், பக்கத்தில் குழந்தை நிற்கிறது என்பது மூளைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், மடக்கும் அனிச்சையை அது அடக்கிவைக்கிறது. பாத்திரத்தில் எதிர்பாராமல் விரல் படும்போது அப்படி அடக்க முன்கூட்டியே காரணம் எதுவும் இல்லை. பாத்திரத்தின் சூடு மிகுதியாக இருந்தால் எந்த அடக்குதலும் பலிக்காது என்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டுவதும் இதே தொடர்பைச் சோதிக்கத்தான். 1875-இல் எர்ப், வெஸ்ட்பால் என்னும் இருவர் தனித்தனியே எழுதி அறிமுகப்படுத்திய சோதனை இது. தட்டும்போது தொடைத் தசை சற்று இழுபடுகிறது, இழுபட்ட செய்தி தண்டுவடத்துக்குச் சென்று உடனே திரும்பிவந்து அத்தசையைச் சுருக்குகிறது. தசைக்குச் செல்லும் நரம்போ தண்டுவடத்தின் இயக்க நரம்பணுவோ கெட்டிருந்தால் கால் அசையாது. இளம்பிள்ளை வாதத்தில் நடப்பது அதுதான்: போலியோ கிருமி அந்த நரம்பணுக்களையே அழிப்பதால் கால் துவண்டு சூம்பிப்போகிறது. மாறாக, மூளையிலிருந்து இறங்கும் கட்டுப்பாடு அறுந்திருந்தால் கால் வழக்கத்தைவிடப் பலமாக உதைக்கும். பக்கவாதம் வந்த சில வாரங்களில் கைகால்கள் விறைப்பது அதே காரணத்தால். செயலிழப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், பழுது மேலேயா கீழேயா என்பதைச் சில நொடிகளில் சொல்லிவிடும் இந்தச் சிறு சுத்தியலுக்கு இணையான கருவி இன்றும் குறைவு.

எங்கள் ஊரில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தது. கடிவாயில் வீக்கமோ வலியோ இல்லை, விடியற்காலையில் கண் இமைகள் தொங்கிவிட்டன, பிறகு மூச்சுத் திணறல். விஷம் மூளையைத் தாக்கிவிட்டதா?
– விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

இல்லை. அவருடைய மூளை விழிப்போடுதான் இருந்திருக்கும். விஷம் தாக்கிய இடம் நரம்பும் தசையும் சந்திக்கும் மிகச் சிறிய இடைவெளி.

இயக்க நரம்பின் நுனி தசையோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி உண்டு. மின்செய்தியால் அதைத் தாண்ட முடியாது. செய்தி நுனியை அடைந்ததும் அங்கே கால்சியம் உட்புகுகிறது. உடனே நுனிக்குள் இருக்கும் நுண்பைகள் வெடித்து, அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. தசையின் மேல் உள்ள ஏற்பிகளில் அது பொருந்தியதும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை அங்கேயே இருக்கும் ஒரு நொதி சிதைத்துவிடுகிறது. இத்தனையும் ஓரிரு மில்லி விநாடிகளில் முடிந்துபோகின்றன.

நல்ல பாம்பின் விஷத்தில் உள்ள நச்சுகள் தசையின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு அசிட்டைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்கின்றன. கட்டுவிரியனிடம் அத்தகைய நச்சோடு இன்னொன்றும் உண்டு. அது நரம்பின் நுனியையே சிதைத்து, அசிட்டைல்கோலின் வெளிவர முடியாமல் செய்துவிடுகிறது. இதனால்தான் கட்டுவிரியன் கடியில் காலம் மிக முக்கியமாகிறது. இரத்தத்தில் சுற்றிவரும் விஷத்தை முறிமருந்து பிடித்துவிடும், ஆனால் ஏற்கெனவே சிதைந்த நரம்பு நுனியை அதனால் மீட்க முடியாது. நுனி மீண்டும் வளரும்வரை, பல நாட்களுக்குச் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். காப்பாற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் முழுமையாகத் தேறுகிறார்கள்.

எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பும் செய்தி ஒன்று உண்டு. இமையைத் திறக்க முடியாமல், விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கும் அந்த மனிதருக்குச் சுற்றிலும் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகக்கூடும் என்பதால், மூளை இறந்துவிட்டதாகத் தவறாக எண்ணப்பட்ட நோயாளிகள் உண்டு. படுக்கை அருகில் நிற்பவர்கள் அவரிடம் பேச வேண்டும், அவர் முன்னால் நம்பிக்கையற்ற சொற்களைச் சொல்லக் கூடாது.

கடித்த இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் உதவாது. உறுப்பை அசையாமல் வைத்து, முறிமருந்தும் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுப்பது கட்டுவிரியனிடமிருந்து நல்ல பாதுகாப்பு. இந்தியாவில் முறிமருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதியைத் தந்துவருவது, 1978-இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் சாலையில் உள்ள வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்பதையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

நாட்டிய வகுப்பில் ஆசிரியர் கண்ணாடியை மூடிவிட்டு, அரைமண்டியின் அளவை உடலாலேயே உணரச் சொல்கிறார். பார்க்காமல் கைகால் இருக்கும் நிலை எப்படித் தெரிகிறது?
– பரதநாட்டிய மாணவி, சென்னை

உங்கள் ஆசிரியர் சரியான பயிற்சியையே தருகிறார். தசைகளுக்குள், சாதாரண இழைகளுக்கு இணையாக, தசைக்கதிர்கள் என்னும் நுண்ணிய உறுப்புகள் பதிந்திருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அவை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. தசைநாண்களில் உள்ள வேறு உறுப்புகள் இழுவிசையை அளக்கின்றன. இவற்றோடு மூட்டும் தோலும் தரும் செய்திகள் சேர்ந்துதான், கண்ணை மூடிக்கொண்டும் மூக்கு நுனியைத் தொட முடிகிற அந்த உணர்வு உண்டாகிறது. தசைக்கதிரை ஏமாற்றவும் முடியும். முழங்கையை மடக்கும் தசையின் நாண்மீது அதிர்வுக் கருவியை வைத்தால், கை அசையாமலே இருக்க, அது நீண்டுகொண்டிருப்பதாகக் கண் மூடியவருக்குத் தோன்றும்.

இந்த உணர்வு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகம் நன்கறிந்த நிகழ்வு ஒன்று உண்டு. 1971-இல், 19 வயது ஆங்கில இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே இந்தச் செய்திகளைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் அனைத்தும் அழிந்துபோயின. தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்புகளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அவரால் உட்காரக்கூட முடியவில்லை. கையை உயர்த்த நினைத்தால் அது எங்கோ போய் எதையோ இடித்தது. பிறகு அவர் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்து, பல மாத உழைப்பில் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் கற்றுக்கொண்டார். நின்றுகொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்து விழுந்துவிடுவார். நரம்பு மண்டலம் என்றால் மேலிருந்து கீழே ஆணை இறங்குவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கீழிருந்து மேலே ஏறும் செய்தி இல்லாவிட்டால் அந்த ஆணைகளுக்குப் பயனில்லை என்பதை இவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டியதில்லை என்பேன்.

இரு வகைச் செய்திகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரும் பங்கு சிறுமூளைக்கு உண்டு. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கே இருந்தாலும், மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன. புறணி ஆணை அனுப்பும்போதே அதன் நகல் ஒன்று சிறுமூளைக்குப் போகிறது. அதை வைத்து, உடலிலிருந்து எத்தகைய உணர்வு திரும்பிவர வேண்டும் என்று அது முன்கூட்டியே கணித்துவைக்கிறது. உங்களை நீங்களே கூசவைக்க முடியாததும் இதனால்தான், வரப்போகும் உணர்வு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. கணிப்பும் உண்மையும் மாறுபட்டால் அடுத்த முறை ஆணை திருத்தப்படுகிறது. முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்த கோர்டன் ஹோம்ஸிடம் ஒரு நோயாளி, தன் இடக்கை தானாகவே வேலை செய்வதாகவும், வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் தான் யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதாகவும் சொன்னார். கண்ணாடியை மூடிப் பயிலும்போது, தசையிலிருந்து வரும் செய்தியை மட்டும் கொண்டு அளவை அறிய நீங்கள் உங்களைப் பழக்குகிறீர்கள். அவ்வப்போது கண்ணாடியைத் திறந்து சரிபார்த்துக்கொள்வதும் தேவை, ஏனெனில் தவறான நிலையும் பழகப் பழகச் சரியானதாகவே தோன்றும்.

என் தந்தைக்குப் பார்க்கின்சன் நோய். கூடத்தில் நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார், ஆனால் மாடிப்படி தடையில்லாமல் ஏறுகிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் சிலர் பேசுகிறார்கள். பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டுமென்றே செய்யவில்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாம் கூடத்தில் நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணி வைப்பதில்லை. பழகிப்போன அசைவுகளை உள்ளிருந்தே தொடங்கிவைப்பதும், அடியின் அளவைத் தீர்மானிப்பதும் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்னும் நரம்பணுத் திரள்களின் பணி. அந்தத் திரள்களுக்கு டோபமின் என்னும் பொருளைத் தரும் அணுக்கள் நடுமூளையில் கரிய நிறத்தில் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அழிவது அவைதான். அவற்றில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ அழிந்த பிறகே நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரிகின்றன. மாடிப்படியில் நிலைமை வேறு. ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும் இலக்கு. பார்த்து அடியெடுத்து வைக்கும் அசைவுகளில் புறணியின் பார்வை சார்ந்த பகுதிகள் கூடுதல் பங்கெடுப்பதால், பழுதான பாதையைச் சார்ந்திருக்க வேண்டிய தேவை குறைகிறது.

இதையே சிகிச்சையாகவும் பயன்படுத்தலாம். அவர் நின்றுவிடும் இடங்களில், நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஓர் அடி வைக்கும் இடைவெளியில் பளிச்சென்ற நிற நாடாக்களைத் தரையில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதும் தாளம் தட்டுவதும் பலருக்கு உதவுகின்றன. கால் ஒட்டிக்கொண்ட நிலையில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். முதலில் நிற்கவிட்டு, உடல் எடையை இடமும் வலமும் மெல்ல மாற்றச் சொல்லி, பிறகு ஒரு பெரிய அடியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாடிப்படியில் நன்றாக ஏறினாலும் கைப்பிடியும் துணையும் இல்லாமல் விடக் கூடாது.

பூனைக்காலி பற்றி உங்களுக்குத் தோன்றியதில் பொருள் இருக்கிறது. அந்த விதையிலிருந்து, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் பொருளைத் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டார்கள். அது எதற்குப் பயன்படும் என்பது அப்போது தெரியாது. 1957-இல் சுவீடனின் அர்வித் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் மருந்தைக் கொடுத்து அசைவற்றுப்போகச் செய்த முயல்களை, லெவோடோபா கொடுத்து மீண்டும் நடமாட வைத்தார். அதன் வழியே வளர்ந்ததுதான் இன்றைய சிகிச்சை. ஆனால் உங்கள் தந்தை ஏற்கெனவே லெவோடோபா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதன்மேல் விதைப் பொடியையும் சேர்த்தால் மருந்தின் அளவு கூடி, தன்னிச்சையான முறுக்கு அசைவுகள், குமட்டல், இரத்த அழுத்தக் குறைவு, மனக் குழப்பம் ஆகியவை வரலாம். விதைக்கு விதை அளவும் மாறும். ஆகவே நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாத்திரையைப் பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு கொடுத்தால் சிலருக்கு அது சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைக்கும் அறுவை செய்கிறார்கள். ஒரு வேலைக்கு உரிய தசை வேறு வேலைக்கு மாறிவிட்டது என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? பயிற்சியை எப்படித் தொடங்க வேண்டும்?
– இயன்முறை சிகிச்சை மாணவர், வேலூர்

இந்த அறுவையின் வரலாற்றில் பெரும்பகுதி உங்கள் ஊரில்தான் நடந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் பணியைத் தொடங்கினார். உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும் தொழுநோய்க் கிருமி, முழங்கையின் பின்புறம் தோலுக்கு அருகில் செல்லும் நரம்பைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் கெடுவதில்லை. ஒவ்வொரு விரலையும் மடக்க மேலே ஒன்றும் ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு நாண்கள் உண்டு. ஆகவே ஒரு விரலின் மேல்நாணைக் கழற்றி, நான்காகப் பிரித்து, ஒவ்வொரு விரலின் பக்கவாட்டிலும் பொருத்தினால், விரல்களை அடிமூட்டில் மடக்கி நுனியில் நீட்டும் வேலையை அது ஏற்கும். நாணை இழந்த விரலை ஆழத்து நாண் மடக்கும்.

மூளைக்கு இந்த மாற்றம் தானாகத் தெரிவதில்லை. எலிகளின் பின்னங்காலில் மடக்கும் தசையையும் நீட்டும் தசையையும் ரோஜர் ஸ்பெர்ரி 1940 வாக்கில் இடம் மாற்றி வைத்தபோது, அவை கடைசிவரை கற்றுக்கொள்ளாமல் தவறாகவே காலை அசைத்தன. மனிதர் கற்றுக்கொள்கிறார். புறணியில் தசைக்குத் தசை என்று நிலையான ஒதுக்கீடு இல்லை, ஒரே தசையைப் பல இடங்கள் பல அசைவுகளுக்காகப் பயன்படுத்துகின்றன. செய்து பார்த்ததன் விளைவு கண்ணுக்கும் உணர்வுக்கும் தெரியத் தெரிய, அந்த ஒதுக்கீடு மாறுகிறது. பக்கவாதத்துக்குப் பின் நல்ல கையைக் கட்டிவைத்து, நலிந்த கையையே பயன்படுத்த வைக்கும் சிகிச்சையும் இந்த இயல்பைத்தான் நம்பியிருக்கிறது.

வழக்கமாக மூன்று வார மாவுக்கட்டுக்குப் பிறகு பயிற்சி தொடங்கும். முதல் நாளில் விரல்களை அடிமூட்டில் மடக்குங்கள் என்று சொன்னால் நோயாளியால் முடியாது. நாண் எந்த விரலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த விரலைப் பழையபடி மடக்குவதாக நினைக்கச் சொல்லுங்கள். நான்கு விரல்களும் அடிமூட்டில் அசைவதை அவர் தம் கண்ணால் பார்ப்பார். இதைச் சிறிது நேரம், நாளுக்குப் பலமுறை, களைப்பு வருமுன் நிறுத்திச் செய்ய வேண்டும். சில வாரங்களில் பழைய நினைப்பு தேவைப்படாமல் போகும். பிறகு டம்ளர் பிடித்தல், பொத்தான் போடுதல், எழுதுதல் என்று வேலைகளுக்குப் போகலாம்.

ஆனால் அறுவையால் தொடுவுணர்வு திரும்புவதில்லை. அசைவு திரும்பிய கையால் அவர் கூடுதலாக வேலை செய்வார், அதனால் சூடும் வெட்டும் படும் வாய்ப்பும் கூடும். தொழுநோயில் விரல்கள் குறைவது பெரும்பாலும் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களாலும் அவற்றில் சேரும் தொற்றாலும்தான் என்பதை வலியுறுத்தியவரும் பிராண்ட்தான். ஆகவே அசைவுப் பயிற்சியோடு, ஒவ்வொரு மாலையும் இரு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று தேடவும், அடுப்புப் பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடாதிருக்கவும் முதல் வாரத்திலிருந்தே பழக்குங்கள்.